விடலைக் காதலின் மகா நாடகம்: 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' ஆல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன ஆல்பம்? ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்லுங்கள்.

1977 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியான ராக் ஆல்பம். பாடியவர் மீட் லோஃப். எல்லாப் பாட்டையும் எழுதி இசையமைத்தவர் ஜிம் ஸ்டைன்மன். தயாரிப்பு டாட் ரண்ட்கிரன். மொத்தமே ஏழு பாட்டுதான், சுமார் 46 நிமிடம். அதில் மூன்று பாட்டு எட்டு நிமிடத்தைத் தாண்டும். பள்ளிப் படிப்பை முடிக்கிற வயதில் ஒரு பையனுக்கு வரும் காதல், உடம்பின் தவிப்பு, இரண்டுக்கும் நடுவில் அவன் படும் பாடு, இதுதான் ஏழு பாட்டுக்கும் விஷயம்.

தலைப்புக்கு அர்த்தம் என்ன?

நரகத்திலிருந்து தப்பித்துப் பறக்கும் வௌவால். தலைதெறிக்க ஓடுவதற்கு அமெரிக்காவில் பேச்சுவழக்கில் சொல்வது. ஆல்பத்தின் அட்டையிலும் அதையே அப்படியே வரைந்துவிட்டார்கள்: கல்லறைத் தோட்டத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு பைக்கில் ஒரு கட்டுமஸ்தான ஆள் பாய்கிறான், பின்னால் ஒரு பெரிய வௌவால். வரைந்தவர் காமிக்ஸ் ஓவியர் ரிச்சர்ட் கார்பன். ரசனைக்குறைவு என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் உள்ளே இருப்பதை இதைவிட நேர்மையாகச் சொல்லும் அட்டை கிடையாது.

1977-இல் மற்றவர்கள் என்ன கேட்டுக்கொண்டிருந்தார்கள்?

இதற்குச் சம்பந்தமே இல்லாத இசையை. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் ஒரே ஸ்டூடியோ ஆல்பம் அடுத்த வாரமே வந்தது. மூன்று நிமிடம், கிட்டாரில் மூன்றே சுரக்கூட்டு, கோபம், அவ்வளவுதான் பங்க். நவம்பரில் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' பட இசை வந்து டிஸ்கோ ஊரையே பிடித்துக்கொண்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடப் பியானோ ராக், அதுவும் கனத்த உடம்போடு சட்டை நனைய வியர்த்துக்கொண்டு பாடும் ஒரு மனிதர். எந்த ஃபேஷனிலும் சேராததால்தான் இது பழசாகவும் இல்லை என்பது என் எண்ணம். அப்போதே காலத்துக்கு ஒவ்வாமல்தான் இருந்தது.

இது மீட் லோஃபின் ஆல்பமா, ஸ்டைன்மனின் ஆல்பமா?

அந்த இருவருக்குள்ளேயே தீராமல் இருந்த கேள்வி இது.

மீட் லோஃபின் நிஜப் பெயர் மார்வின் லீ அடே. 1947-இல் டெக்சாஸ் மாநிலத்து டாலஸில் பிறந்தவர். ஸ்டைன்மனும் அதே வருஷம் நியூயார்க்கில் பிறந்தவர். 1973 வாக்கில் நியூயார்க் பப்ளிக் தியேட்டரில் ஸ்டைன்மன் இசையமைத்த ஒரு நாடகத்துக்கு ஆள் தேர்வு நடந்தபோது மீட் லோஃப் வந்து பாடிக் காட்டினார். அங்கே ஆரம்பித்த உறவு. அவர் ராக் பாடகர் மட்டும் இல்லை, நாடகக்காரர். 'தி ராக்கி ஹாரர் ஷோ' மேடையிலும் நடித்தார், 1975-இல் அது படமானபோது எடி என்ற பாத்திரத்தில் பைக்கோடு வந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுச் செத்துப்போவார். இந்த ஆல்பத்திலும் அவர் ஏழு பாட்டையும் ஏழு வேஷமாகத்தான் பாடுகிறார்.

ஸ்டைன்மன் தன் பெயரும் அட்டையில் சமமாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். இசைத்தட்டுக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. 'பாடல்கள்: ஜிம் ஸ்டைன்மன்' என்று ஒரு வரி போட்டுக் கொடுத்தார்கள். அட்டையில் பாட்டெழுதியவர் பெயர் வருவதே அபூர்வம்தான், ஆனாலும் அவருக்கு அது போதவில்லை. பிற்பாடு இருவருக்கும் நடுவே வந்த மனக்கசப்புக்கு விதை அங்கே விழுந்தது என்று மீட் லோஃபே சொல்லியிருக்கிறார்.

என்னைக் கேட்டால், மூளை ஸ்டைன்மன், தொண்டை மீட் லோஃப். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் செய்ததை எல்லாம் கேட்டுப் பார்த்தால் இது விளங்கும். மீட் லோஃப் இல்லாமல் ஸ்டைன்மன் 1981-இல் தானே பாடி ஒரு ஆல்பம் போட்டார். பாட்டுகள் அருமை, குரல் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை.

பீட்டர் பேன் கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. ஸ்டைன்மன் கல்லூரியில் படிக்கும்போதே, 1969-இல், ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஒரு ராக் நாடகம் போட்டவர். அதன்பின் பல வருஷம் 'நெவர்லேண்ட்' என்ற நாடகத்தை உருட்டிக்கொண்டிருந்தார். வயதே ஏறாத பீட்டர் பேனை எதிர்காலத்துக்குக் கொண்டுபோய் வைத்த கதை. தலைப்புப் பாட்டு, 'ஹெவன் கேன் வெயிட்', 'ஆல் ரெவ்ட் அப் வித் நோ பிளேஸ் டு கோ' மூன்றும் அந்த நாடகத்துக்கு எழுதியவை.

இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஒரு குழப்பம் தீரும். இந்தப் பையனுக்கு ஏன் நாளைக் காலை என்ற ஒன்றே இல்லை? ஏன் எல்லாம் இந்த ராத்திரிக்குள் நடந்துமுடிய வேண்டும்? ஏனென்றால் அவன் வளர மறுக்கிறவன். 2017-இல் மான்செஸ்டரில் இதே பாட்டுகளை வைத்து மேடை இசை நாடகம் வந்தபோது, அதில் நாயகன் ஸ்ட்ராட் பதினெட்டு வயதிலேயே நின்றுபோனவன். ஸ்டைன்மன் ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஒரே கதையைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

எல்லாக் கம்பெனிகளும் திருப்பி அனுப்பியது உண்மையா?

உண்மை. ஸ்டைன்மன் பியானோவில் உட்கார, மீட் லோஃப் நின்று பாட, எல்லன் ஃபோலி பெண் குரலுக்கு வர, கம்பெனி கம்பெனியாக ஏறி அதிகாரிகளின் அறையிலேயே நடித்துக் காட்டினார்கள். ஒரு சின்ன அறைக்குள் ஒன்பது நிமிடப் பாட்டை முழுத் தொண்டையில் கேட்பவரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரிஸ்டா கம்பெனியின் கிளைவ் டேவிஸ், ஸ்டைன்மனுக்குப் பாட்டு எழுதவே தெரியவில்லை என்று பாடமே நடத்தி அனுப்பினார் என்பது மீட் லோஃப் பலமுறை சொன்ன கதை.

ரண்ட்கிரன் தயாரிக்க ஒத்துக்கொண்டபோது இவர்களுக்கு ஏற்கெனவே ஒரு கம்பெனி இருக்கிறது என்றே நினைத்திருந்தார். அந்த ஒப்பந்தம் கைவிட்டுப் போனதால், நியூயார்க் மாநிலம் உட்ஸ்டாக்கில் இருந்த பேர்ஸ்வில் ஸ்டூடியோவில் பதிவு செய்த செலவுக்கு அவரே பொறுப்பேற்க வேண்டி வந்தது. கடைசியில் கிளீவ்லேண்ட் இன்டர்நேஷனல் என்ற புதுக் கம்பெனியின் ஸ்டீவ் போபோவிச் கேட்டுவிட்டு 'சரி' என்றார். எபிக் என்ற இசைத்தட்டுக் கம்பெனி வழியாக ஆல்பம் வெளியானது.

இது நிஜமான உணர்ச்சியா, இல்லை முழுக்கக் கேலியா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி. ரண்ட்கிரனுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைக் கிண்டலடிக்கும் ஆல்பம் என்று நினைத்துத்தான் அவர் சந்தோஷமாக உள்ளே வந்தார். ஒரு விதத்தில் நியாயம். ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் டு ரன்' வந்து இரண்டே வருஷம். அதில் பியானோ வாசித்த ராய் பிட்டன்தான் இதிலும் பியானோ, அதே குழுவின் மேக்ஸ் வைன்பர்க் சில பாட்டுகளுக்கு டிரம்ஸ். அதே நெடுஞ்சாலை, அதே ராத்திரி, ஊரை விட்டு ஓடும் அதே பையன். ஆனால் எல்லாம் மூன்று மடங்கு பெரிசு.

ஸ்டைன்மன், பிரம்மாண்டத்துக்குப் பேர்போன ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவில் ஊறியவர். தன் இசையை வாக்னர் ராக் என்றே சொல்லிக்கொண்டவர். பதினேழு வயசுக்காரனுக்கு எதிலும் அளவு தெரியாது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் உலகம் முடிந்தது, பார்த்துவிட்டால் சொர்க்கம் திறந்தது. பெரியவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்போம், அல்லது 'எல்லாம் சரியாகிவிடும்' என்போம். ஸ்டைன்மன் இரண்டும் செய்யவில்லை. அந்தப் பையனின் மனசுக்குள் அது எந்த அளவுக்கு இருக்கிறதோ அந்த அளவுக்கே இசையைப் போட்டார். பார்க்கிற நமக்குச் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் நாம் அந்த வயதைத் தாண்டிவிட்டோம். பாடுகிறவருக்கு ஒரு நொடிகூடச் சிரிப்பு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மீட் லோஃப் எங்காவது கண்ணடித்திருந்தால் இந்த ஆல்பம் அன்றைக்கே செத்திருக்கும்.

ஆகவே கேலியா நிஜமா என்று பிரிக்க வேண்டாம். அந்த வயதில் இரண்டும் ஒன்றுதான்.

தலைப்புப் பாட்டில் வரும் பைக் சத்தம் நிஜ பைக்கா?

இல்லை. ஸ்டைன்மன் நிஜ பைக் வேண்டும் என்று நச்சரித்தார். கடுப்பான ரண்ட்கிரன் கிட்டாரை எடுத்து ஒரே டேக்கில் அதை வாசித்தே காட்டிவிட்டார். ஸ்டார்ட் ஆவதும், கியர் மாறுவதும், அப்படியே தனி வாசிப்பாக நழுவிப் போவதும் எல்லாம் கிட்டார். கேட்டுவிட்டு இன்னொரு முறை கேளுங்கள்.

ஏழு பாட்டுக்கும் சேர்த்து ஒரு கதை இருக்கிறதா?

நாடகம் போல வரிசையான கதை இல்லை. பாத்திரங்களுக்குப் பெயரும் இல்லை. ஆனால் பல வருஷம் கழித்துத் திரும்பக் கேட்கும்போது எனக்கு ஒரு நூல் பிடிபட்டது. ஸ்டைன்மன் அப்படித் திட்டமிட்டார் என்று நான் சொல்லவில்லை, இது என் வாசிப்பு. 'ஐ லவ் யூ' என்ற ஒரு வாக்கியம் வாய்க்குள் சிக்கிக்கொண்ட கதைதான் இந்த ஆல்பம்.

முதல் பாட்டில் பையன் அவளிடம் ராத்திரி முழுக்க இருப்பேன், விடியும்போது போய்விடுவேன் என்கிறான். இந்தக் கெட்ட உலகத்தில் நல்லது என்று இருப்பதே நீதான் என்கிறான். எல்லாம் சொல்கிறான், அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. வண்டியைப் பறக்கவிட்டு, வளைவைக் கவனிக்காமல் விழுந்து, எரியும் பைக்கின் காலடியில் கிடக்கிறான். கடைசியில் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு இதயம் மட்டும் வௌவாலாகப் பறக்கிறது. அறுபதுகளின் அமெரிக்க வானொலியில் காதலன் விபத்தில் சாகும் பாட்டுகள் ஒரு தனி வகையாகவே ஓடின. அந்த வகைக்கெல்லாம் மகுடமாக ஒன்று எழுத வேண்டும் என்பதுதான் ஸ்டைன்மனின் ஆசை.

இரண்டாவது பாட்டுக்கு முன்னால் ஒரு ஆணும் பெண்ணும் பேசிக்கொள்கிறார்கள். ரோஜாவோடு வரும் ஓநாய்க்கு உன் கழுத்தைக் கொடுப்பாயா என்கிறான் அவன். அவள் பதிலுக்கு ஒவ்வொன்றாகக் கேட்கிறாள்: வாயைத் தருமா, பல்லைத் தருமா, பசியைத் தருமா, என்னைக் காதலிக்குமா? ஆண் குரல் ஸ்டைன்மனுடையது. அப்புறம் பாட்டு. 'ஐ லவ் யூ' சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நீ முத்தம் கொடுத்ததில் அது காணாமல் போய்விட்டது என்கிறான் பையன். எவ்வளவு சௌகரியமான சாக்கு!

மூன்றாவது, 'ஹெவன் கேன் வெயிட்'. பியானோவும் வயலின்களும் மட்டும் கூட வரும் அமைதியான பாட்டு. பையன் முதல்முறையாக ஓடாமல் நிற்கிறான். நாலாவதில் சனிக்கிழமை ராத்திரி, ஏறிய சூடு, போக இடமில்லை. எட்கர் வின்டரின் சாக்ஸபோன் அவனைக் குத்திக் கிளப்புகிறது, கடைசியில் வேகம் கன்னாபின்னாவென்று ஏறி, சட்டென்று முடிகிறது. அதற்கு விளக்கம் வேறு தேவையா?

தட்டைத் திருப்பிப் போட்டால் 'டூ அவுட் ஆஃப் த்ரீ எய்ன்ட் பேட்'. இங்கே அவன் முதல்முறையாக உண்மை பேசுகிறான். நீ வேண்டும், நீ இல்லாமல் முடியாது, ஆனால் காதல் மட்டும் இல்லை; மூன்றில் இரண்டு கிடைத்ததே, அழாதே. இவ்வளவு கொடுமையான வசனத்துக்கு இவ்வளவு இனிமையான மெட்டு. பாட்டின் முடிவில்தான் தெரியும், இவன் ஒரு காலத்தில் உயிரை வைத்த ஒருத்தி இதே வார்த்தைகளை இவனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அடி வாங்கியவன் அதே பிரம்பை எடுத்து அடுத்தவளை அடிக்கிறான். சரணத்தில் ஒரு அற்புதமான இடம்: கிராக்கர் ஜாக் என்ற மிட்டாய்ச் சோளப்பொரிப் பெட்டிக்குள் அந்த நாட்களில் குழந்தைகளுக்குச் சின்னப் பரிசு இருக்கும், அதன் அடியில் கெடிலாக் கார் தேடுகிறாயே என்கிறான் அவளிடம்.

ஆறாவதில் அவள் அந்த வாக்கியத்தைக் கேட்டு வாங்குகிறாள். அதைத் தனியாகப் பார்ப்போம். ஏழாவது 'ஃபார் கிரையிங் அவுட் லவுட்'. யாரும் கேட்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பியானோவில் தொடங்கி, கென் ஆஷர் அமைத்த முழு ஆர்கெஸ்ட்ரா எழுந்து வந்து, நீ இன்னின்னது செய்தாய் என்று அவளுக்கு நன்றிப் பட்டியல் வாசித்து, கடைசியில் அவனே சொல்லிவிடுகிறான். நடுவில் பிய்ந்துபோகும் ஜீன்ஸைப் பற்றி ஒரு வரி வேறு, முகத்தைத் துளியும் மாற்றாமல். உடம்பையும் மனசையும் அதுவரை தனித்தனியாக வைத்துத் திண்டாடியவன் ஒரே மூச்சில் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் இடம் அது. அந்த வரிக்குச் சிரித்துக்கொண்டே கண் கலங்கியவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருவன்.

'பாரடைஸ் பை த டேஷ்போர்டு லைட்' பாட்டின் நடுவில் ஏன் கிரிக்கெட் மாதிரி ஏதோ வர்ணனை வருகிறது?

அது பேஸ்பால். எட்டு நிமிடம் சொச்சம் ஓடும் இந்தப் பாட்டில் பதினேழு வயதுப் பையனும் பெண்ணும் ஏரிக்கரையில் காருக்குள் இருக்கிறார்கள். காருக்குள் டேஷ்போர்டு வெளிச்சம் மட்டும். நிலைமை சூடாகும்போது, கார் வானொலியைத் திருப்பியது போல ஒரு வர்ணனையாளரின் குரல் நுழைகிறது.

பேஸ்பாலில் அடித்தவன் முதல், இரண்டாம், மூன்றாம் தளங்களைத் தொட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். அமெரிக்கப் பையன்கள் இதையே ரகசிய மொழியாக வைத்திருந்தார்கள். முதல் தளம் என்றால் முத்தம்; வீடு வந்து சேர்வது என்றால் புரிந்திருக்கும். நம் பழைய படங்களில் முத்தம் வரும் இடத்தில் இரண்டு பூக்கள் மோதிக்கொள்ளும் இல்லையா, அந்த வேலையைத்தான் இங்கே வர்ணனை செய்கிறது. ஆட்டம் கடைசிச் சுற்று, இரண்டு பேர் அவுட், இன்னும் ஓட்டமே இல்லை. ஒருவன் அடித்துவிட்டு ஓடுகிறான், இரண்டாம் தளம், மூன்றாவதையும் திருடிவிட்டான், இதோ வீட்டுக்குப் பாய்கிறான், வந்துவிடுவான் போல...

'அங்கேயே நில்!' என்று எல்லன் ஃபோலியின் குரல்.

ராக் இசையில் எனக்குத் தெரிந்து இதைவிடக் கச்சிதமான நாடகத் திருப்பம் இல்லை. அதற்குமேல் ஆட்டம் அவளுடையது. என்னைக் காதலிக்கிறாயா? என்றென்றைக்குமா? கல்யாணம் செய்துகொள்வாயா? இப்போதே பதில் வேண்டும். பையன், ராத்திரி யோசித்துக் காலையில் சொல்கிறேன் என்று மன்றாடுகிறான். அவள் விடவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பாடுகிறார்கள். கடைசியில் தாங்க முடியாமல் அவன், அம்மாவின் கல்லறைமேல் சத்தியமாகக் காலம் முடிந்து உலகம் அழியும்வரை காதலிப்பேன் என்று சொல்லிவிடுகிறான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான் என்பதுதான் பாட்டின் சோகமும் சிரிப்பும். இப்போது அவன் தினம் வேண்டிக்கொள்வது உலகம் சீக்கிரம் அழிய வேண்டும் என்று. அழிந்தால்தானே இவளிடமிருந்து விடுதலை!

அந்த வர்ணனையாளருக்குத் தான் எதற்குக் குரல் கொடுக்கிறோம் என்று தெரியுமா?

குரல் கொடுத்தவர் ஃபில் ரிசூட்டோ. நியூயார்க் யாங்கீஸ் அணியின் பழைய ஆட்டக்காரர், பின்னாளில் அதே அணியின் செல்ல வர்ணனையாளர். தனக்கு ஒன்றும் தெரியாது, வெறும் ஆட்ட வர்ணனை என்று நினைத்தே படித்தேன் என்று ரிசூட்டோ சொல்லிவந்தார். அவருக்கு நன்றாகவே தெரியும், ஊர்ப் பாதிரியாருக்குப் பயந்து அப்படிச் சொன்னார் என்றார் மீட் லோஃப். எனக்கென்னவோ மீட் லோஃப் சொல்வதுதான் நம்பும்படி இருக்கிறது.

வீடியோவில் கூடப் பாடும் பெண் எல்லன் ஃபோலிதானே?

குரல் அவருடையது, முகம் வேறு. சுற்றுப்பயணத்தில் அவருக்குப் பதில் வந்தவர் கார்லா டெவிட்டோ. வீடியோவில் அவர்தான் ஃபோலியின் குரலுக்கு வாயசைக்கிறார். நேரடி மேடைப் பதிவுகளில் டெவிட்டோ சொந்தக் குரலில் பாடுவதையும் கேட்கலாம். அவரும் சளைத்தவர் இல்லை.

இன்றைக்குக் கேட்டால் பெண்களை மட்டமாக நடத்தும் ஆல்பம் என்று தோன்றாதா?

சில இடங்களில் தோன்றும், தோன்றத்தான் வேண்டும். ஏழு பாட்டும் பையனின் கண் வழியாகத்தான். பெண்கள் தேவதையாகவோ இரையாகவோ வருகிறார்கள். நாலாவது பாட்டில் பெண் என்ற ஆளே இல்லை, அவன் சூடு மட்டும்தான். ஐந்தாவதில் அழுகிறவளுக்குப் பேச ஒரு வரிகூட இல்லை.

ஆனால் இந்த ஆல்பம் அந்தப் பையனை நியாயப்படுத்துகிறதா என்றால், இல்லை என்பேன். அவன் சுயநலத்தை அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறது. காருக்குள் அவள் நில் என்றதும் அவன் நிற்கிறான். கெஞ்சுகிறான், சாக்குச் சொல்கிறான், நடிக்கிறான், ஆனால் நிற்கிறான். அன்றைய ராக் பாட்டுகள் பலவற்றில் இந்தச் சொல் பெண்ணின் வாயில் வந்ததே இல்லை. அதோடு ஃபோலி அதைக் கெஞ்சலாகப் பாடவில்லை, பேரம் பேசும் வக்கீல் குரலில் பாடுகிறார். அவளுக்கும் ஆசை இருக்கிறது, அவள் தன் விலையை அறிந்தவள், அவ்வளவுதான். அவள் கேட்ட விலை அவளுக்கே நஷ்டமாக முடிந்தது வேறு விஷயம்.

இன்னொன்று. ஆல்பம் வெளியானபோது பாடியவருக்கு முப்பது வயது, எழுதியவருக்கும் கிட்டத்தட்ட அதேதான். அந்தக் கார் பாட்டு தொடங்குவதே 'நினைவிருக்கிறது' என்றுதான். அது நடுவயதுத் தம்பதி தங்கள் பழைய நாளைத் திரும்பிப் பார்க்கும் பாட்டு. அன்றைக்கு எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று பெருமூச்சு விட்டபடிதான் முடிகிறது. நாற்பதைத் தாண்டிக் கேட்பவருக்கு இந்தப் பகுதி சற்று உறைக்கும்.

வந்தவுடனே ஹிட்டா?

இல்லவே இல்லை. அமெரிக்காவில் மெதுவாக நகர்ந்தது. வானொலிக்காரர்களுக்கு இந்த நீளமும் சத்தமும் ஆகவில்லை. இங்கிலாந்தில் 1978-இல் பிபிசியின் 'ஓல்டு கிரே விசில் டெஸ்ட்' நிகழ்ச்சி தலைப்புப் பாட்டின் மேடைப் பதிவை முழு நீளத்துக்கு ஒளிபரப்பியது, அதிலிருந்து பற்றிக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் முதலிடம். அந்த நாட்களில் அமெரிக்காவில் ஆல்பம் 14-ஆம் இடத்தைத் தாண்டவே இல்லை, பிரிட்டனிலும் 9-ஆம் இடம்தான். ஆனால் பிரிட்டன் பட்டியலில் மொத்தம் 500 வாரங்களுக்கு மேல் இருந்தது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 40 லட்சம் என்ற கணக்குக்குச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

தனிப் பாட்டாக மேலே போனது அந்த 'மூன்றில் இரண்டு' பாட்டுதான், அமெரிக்காவில் 11-ஆம் இடம். அது கடைசியாக எழுதப்பட்டது. எளிமையாக ஒரு பாட்டு எழுதேன், எல்விஸ் பாடினாரே, நீ வேண்டும், நீ தேவை, உன்னைக் காதலிக்கிறேன் என்று, அது மாதிரி, என்று தோழியான நடிகை மிமி கென்னடி ஸ்டைன்மனிடம் சொன்னார். அவர் மூன்றில் ஒன்றைக் கழித்துவிட்டார். எளிமையாக எழுதச் சொன்னால் அந்த மனிதர் செய்தது இது.

இதில் மட்டமான பாட்டே இல்லையா?

நாலாவது. தாளம் போட வைக்கும், ஆனால் முடிந்ததும் மனசில் ஒன்றும் ஒட்டாது.

அதற்கப்புறம் இருவரும் என்ன ஆனார்கள்?

இடைவிடாத சுற்றுப்பயணமும் போதையும் சேர்ந்து மீட் லோஃபின் குரலைப் பறித்தன. 1983-இல் திவால். அதே வருஷம் ஸ்டைன்மன் போனி டைலருக்கு 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் த ஹார்ட்', ஏர் சப்ளை குழுவுக்கு 'மேக்கிங் லவ் அவுட் ஆஃப் நத்திங் அட் ஆல்' என்று எழுதிக் கொடிகட்டிப் பறந்தார். 1993-இல் இருவரும் மீண்டும் சேர்ந்து இரண்டாம் பாகம் போட்டார்கள். அதில் வந்த 'ஐ'ட் டூ எனிதிங் ஃபார் லவ்' பல நாடுகளில் முதலிடம். 2006-இல் மூன்றாம் பாகமும் வந்தது, அதை விட்டுவிடலாம். ஸ்டைன்மன் 2021 ஏப்ரலில் காலமானார், மீட் லோஃப் 2022 ஜனவரியில்.

இரண்டாம் பாகம் முதலாவதைவிட நல்லதா?

ஒலிப்பதிவு இன்னும் பிரம்மாண்டம். ஆனால் அதில் பாடுகிறவன் காதலை இழந்து திரும்பி வந்த ஆள். முதல் ஆல்பத்தில் இருக்கும் அவசரம், இன்றைக்கே இல்லாவிட்டால் என்றைக்குமே இல்லை என்ற அந்தப் பதற்றம், அதில் கிடையாது.

ராக் கேட்டுப் பழக்கமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதல் பாட்டிலிருந்து வேண்டாம், மிரண்டுவிடுவீர்கள். 'டூ அவுட் ஆஃப் த்ரீ' கேளுங்கள், மெட்டு உங்களை உள்ளே இழுத்துவிடும். அடுத்து கார் பாட்டு, வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அப்புறம் மொத்தத்தையும் வரிசையாக. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் சத்தமாக வையுங்கள்; இது காதுக்குள் கிசுகிசுக்கும் இசை இல்லை.

எந்தப் பதிப்பைக் கேட்பது?

ஏழு பாட்டு உள்ள மூலப் பதிப்பு போதும். பின்னாளில் வந்த பதிப்புகளில் கூடுதலாகச் சேர்த்த மேடைப் பதிவுகள் இருக்கும், அவற்றை வேறு ஒரு நாள் கேட்கலாம். கடைசிப் பாட்டு முடிந்த சூட்டில் கேட்டால் ருசி கெடும். வானொலிக்காகச் சுருக்கிய வடிவங்கள் தொகுப்புகளில் கிடைக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். பேஸ்பால் வர்ணனையை வெட்டிவிட்டு அந்தக் கார் பாட்டைப் போடுகிற வானொலி நிலையங்களும் இருந்தன. அங்கே 'நில்' என்று கத்துகிறவள் எதை நிறுத்தச் சொல்கிறாள் என்றே கேட்பவருக்குப் புரியாது.